பிடித்த பிடியை விடாத விரல்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. போன வருடம் மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற தசை நோய் என்றார்கள். கரண்டியைப் பிடித்தால் விரல்கள் உடனே விரிவதில்லை, குளிர்காலத்தில் இன்னும் மோசம். பல வருடமாகக் கோயிலுக்கு மாலை கோத்துக் கொடுக்கிறேன், அதுவும் நின்றுவிடுமோ என்று பயம். வீட்டில் நாள் முழுக்க ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, லெனேசியா, தென்னாப்பிரிக்கா

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பந்தைக் கீழே வையுங்கள். உங்கள் கையில் இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன. தசை வலுவிழப்பது ஒன்று, இறுகிய தசை தளரத் தாமதிப்பது இன்னொன்று. நாள் முழுக்க அமுக்கினால் கை களைத்து, இரவு சோறு பிசையக்கூடத் தெம்பு இருக்காது.

இறுக்கம் குளிரில் கூடும். ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் விடியற்காலைக் குளிர் எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்ததும் கையுறை போடுங்கள். வேலைக்கு முன் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, மெதுவாக மூடித் திறங்கள். முதல் தடவை ஒட்டிக்கொள்ளும் விரல் ஐந்தாறு தடவைக்குப் பிறகு இளகும். அடுப்படியில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். சூடான பாத்திரத்தைப் பிடித்த கை விடாமல் நின்றால் ஆபத்து.

வலுவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவரைப் பாருங்கள். டாக்டரிடம் கடிதம் கேளுங்கள், சோவெட்டோவின் பாரா (கிறிஸ் ஹானி பாரக்வநாத்) போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே பிரிவு உண்டு. சுவீடனில் இதே நோய் உள்ளவர்களுக்கு சிலிகான் களிமண்ணை வைத்து, வாரம் 3 நாள் வீதம் 12 வாரம் கைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கைவேலை முன்பைவிட எளிதானதாகப் பலர் சொன்னார்கள். நோயை அது மாற்றாது. எவ்வளவு அமுக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதைத் தெரபிஸ்ட்தான் உங்கள் கையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்த நோய் இதயத்தையும் தொடும். வருடம் ஒருமுறை இசிஜி எடுங்கள். எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

சரி, மாலைக்கு வருவோம். மெல்லிய ஊசியை விரல்நுனியால் கிள்ளிப் பிடிப்பதுதான் உங்களுக்குச் சிரமம். ஊசியை முனை மேலே இருக்கும்படி மேசை ஓரத்தில் ஒரு கிளாம்ப்பில் நிறுத்திவிட்டால், சாமந்தியை உள்ளங்கையால் அதன்மேல் இறக்கினால் போதும். கரண்டிக் காம்பிலும் ஸ்பாஞ்சுக் குழாயைச் சுற்றிப் பருமனாக்கலாம். ஜூனிலேயே பயிற்சியைத் தொடங்கினால் புரட்டாசிக்குள் 12 வாரம் ஆகியிருக்கும். தெரபிஸ்டிடம் போகும்போது ஊசி, நூல், ஒரு பை சாமந்தி கொண்டுபோய், அவர் முன்னாலேயே கோத்துக் காட்டுங்கள்.