அடி வரிசைப் பிள்ளைகள்

அன்பின் அண்ணாவுக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. இந்தமுறை இல்ல விளையாட்டுப் போட்டியில் வழமையான உடற்பயிற்சிக் கண்காட்சிக்குப் பதிலாகப் பதினாறு பெண் பிள்ளைகளை வைத்துச் சியர்லீடிங் (கோஷம் எழுப்பி, துள்ளி, ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்தும் குழு ஆட்டம்) செய்வோம் என்று இறங்கிவிட்டேன். கனடாவிலிருந்து பழைய மாணவி ஒருவர் அனுப்பிய வீடியோக்கள்தான் காரணம். இப்போது ஒரே தலையிடி. மேலே ஏறுவதற்கு இரண்டு பேருக்குள் போட்டி, இருவரும் கதைப்பதேயில்லை. கீழே நிற்கச் சொன்னவர்கள் “நாங்கள் குண்டு என்றுதானே ரீச்சர்” என்று முகத்தைத் தொங்கப் போடுகிறார்கள். “கிரிக்கெட்டில் ஆடுகிற ஆட்டமோ?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். கால் முறிந்த பிள்ளை ஒருத்தி தினமும் வந்து வேம்பின் கீழே குந்தியிருந்து பார்க்கிறாள். அவளை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நீங்களும் வன்னியில் படித்தவர்தானே, ஏதாவது சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்பின் ரீச்சர்,

பெற்றோர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2008இல் ஐபிஎல் தொடங்கிய பிறகு எங்கள் ஆட்களுக்குச் சியர்லீடிங் என்றால் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆடும் பெண்கள்தான். ஆனால் அதன் தொடக்கம் 1898 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில். தங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஜொனி கம்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று கோஷம் எழுப்ப வைத்தார். கால் நூற்றாண்டு வரை இது ஆண்களின் வேலையாகவே இருந்தது. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை ஒரு விளையாட்டாக முழுமையாக அங்கீகரித்துவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒருநாள் பயிற்சியைப் பார்க்க வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் வியர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்தால் அம்மாமார் அடுத்தநாள் தேசிக்காய்த் தண்ணியோடு வருவார்கள்.

மற்றதுதான் பெரிய விஷயம்.

1996இல் இடம்பெயர்ந்து வந்து வன்னியில் கொட்டில் வகுப்பில் படித்தேன். விளையாட்டுப் போட்டிக்கு மனிதக் கோபுரம் கட்டினோம். நான் அடி வரிசை. கிரவல் நிலத்தில் முழங்கால் குத்தி, முதுகில் ஒருவனைத் தாங்கி, புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. ஒருநாள் ஒத்திகையில் தொடை பிடித்து இழுத்தது. இனித் தாங்க முடியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தால் மாஸ்டரின் தடி பேசும், அதுவும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உச்சியில் நின்றவன் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. “ஆடினது எவன்?” என்று மாஸ்டர் கத்தினார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையனிடம் நான் இன்றுவரை சொல்லாத விஷயம் இது, இங்கே எழுதிவிட்டேன்.

ஆகவே நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஒரு சொல்லைப் பழக்குங்கள்: “இறக்கு”. பதினாறு பேரில் யார் சொன்னாலும் உடனே, மெதுவாக இறக்க வேண்டும். ஏன் சொன்னாய் என்று அந்த நேரத்தில் ஒருவரும் கேட்கக்கூடாது, நீங்களும்தான். முதல் இரண்டு நாள் பகிடிக்குச் சொல்லிப் பார்ப்பார்கள். சொல்லட்டும், ஒவ்வொரு முறையும் இறக்குங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்ல முடிந்த பிறகுதான் பிள்ளைகள் அணியாவார்கள். சிரித்த முகத்தை அதற்குப் பிறகு பழக்கலாம்.

கீழே நிற்பவர்களிடம் உடம்பைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். நெல்மூட்டை தூக்கும் அப்பாவைப் பார்த்திருப்பார்கள். முதுகை வளைக்காமல், முழங்காலை மடித்துக் காலால் தூக்குவார். அதே வித்தைதான் இது, மெலிந்த பிள்ளைக்கும் வரும். ஆகவே எல்லோரையும் முறை வைத்துக் கீழே நிற்க விடுங்கள். தூக்கும் சைகையும் கீழிருந்தே வரட்டும், மேலே ஏறுபவள் அதற்குக் காத்திருக்கட்டும். ஸ்பெயினின் கத்தலோனியாவில் கட்டும் மனிதக் கோபுரங்களை யுனெஸ்கோ 2010இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அடியில் ஒரு பெரும் கூட்டமே நெருக்கியடித்து நிற்கும். கோபுரத்தைத் தாங்குவதும் அவர்கள்தான், விழுகிறவருக்கு மெத்தையும் அவர்கள்தான். அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கோபக்காரிகள் இருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருத்தியைத் தூக்கும்போது இருவர் கீழே தாங்க, ஒருத்தி பின்னால் நிற்பாள். மேலே நிற்பவளின் தலையையும் கழுத்தையும் காப்பது அந்தப் பின்னால் நிற்பவளின் பொறுப்பு. ஒருத்தி ஏறும்போது மற்றவள் பின்னால் நிற்கட்டும், மறுநாள் மாறட்டும். முறையான மெத்தை கிடைத்த பிறகு, தொடை உயரத்தில் மட்டும், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றபடி தொடங்குங்கள். கதைக்காமல் அந்த வேலை நடக்காது.

உயரம் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தோளுக்கு மேலே போகவேண்டாம். வீடியோவில் தூக்கி எறிந்து பிடிப்பதைத் தொடவே வேண்டாம். வைக்கோல் அடைத்த உரப்பை மெத்தை ஆகாது. முறையான மெத்தை கிடைக்கும்வரை கால்கள் நிலத்திலேயே இருக்கட்டும். துள்ளலும் கைவீச்சும் சேர்ந்த குரலும் போதும், மைதானம் அதிரும். அறுவடை நாட்களில் நாலைந்து பேர் வரமாட்டார்கள், அதற்குத் திட்டாதீர்கள். வந்தவர்களை வைத்துக் கோஷத்தைப் பழக்குங்கள்.

வேம்பின் கீழ் இருக்கும் பிள்ளைக்கு வருகிறேன். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர், இராணுவக் கல்லூரியில் படிக்கும்போது பந்தாட்டத்தில் முழங்கால் கெட்டு விளையாட முடியாமல் போனவர். பிறகு அதே அணிக்குச் சியர்லீடராக நின்றார். சியர்லீடிங் முழுவதும் எட்டு எண்ணிக்கையில் ஓடுவது உங்களுக்குத் தெரியும். அந்த ஒன்று முதல் எட்டை இனி நீங்கள் எண்ண வேண்டாம். ஒரு கதிரையைப் போட்டு, விசிலையும் கையில் கொடுத்து, அவளை எண்ண விடுங்கள்.