முயல் வைத்துவிட்டுப் போனவர்

(காரைக்காலில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே.எம்., கும்பகோணம்: டீச்சர், என் கணவர் பாரிஸில் வேலை பார்க்கிறார். நானும் சீக்கிரம் போகப்போகிறேன், அதனால் பிரெஞ்சு படித்து வருகிறேன். அவருடைய சிநேகிதர் ஒருவர் ஃபோனில் யாரையோ திட்டும்போது 'இல் ம போஸே அன் லாப்பேன்' என்றார். 'எனக்கு ஒரு முயல் வைத்தான்' என்றுதான் எனக்குப் புரிந்தது. இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது?

முயலைத் தேடாதீர்கள் அம்மா. வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆள் வராமல் காக்க வைத்துவிட்டான், அவ்வளவுதான். உங்கள் தோழி உங்களைக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நிற்கவிட்டு வராமலே இருந்தால், தாராளமாக அவளைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம்.

ஐம்பது தொடர்களை வரிசையாக எழுதி உருப்போடும் வேலை வேண்டாம். ஒரு தொடர் காதில் விழுந்தால், யார் யாரிடம் எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஏன் என்றால், மழையையே பாருங்கள். நம் ஐப்பசி மழை மாதிரி கொட்டினால் 'இல் ப்ளூ தே கோர்த்' என்பார்கள். கயிறு கயிறாகப் பெய்கிறதாம். இதை வீட்டுக்காரரிடம் சொல்லலாம், ஆபீஸ் மேலதிகாரியிடமும் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு, 'கொம் வாஷ் கி பீஸ்'. பசு மூத்திரம் பெய்வது போலப் பெய்கிறது! நெருங்கிய சிநேகிதர்களுக்குள் சரி, மேலதிகாரியிடம் சொன்னால் அவ்வளவுதான். (என் வகுப்பில் பிள்ளைகள் முதல் தொடரை மறந்துவிடுவார்கள், இரண்டாவதை மறந்ததே இல்லை.) 'தூ', 'வூ' என்று நீ, நீங்கள் பார்த்துப் பேசுகிற மொழி அது. யாரை 'வூ' போட்டுப் பேசுகிறீர்களோ, அவரிடம் இந்த மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள்.

நீங்கள் பேச வேண்டிய தொடர்களைவிட, கேட்டதும் புரிய வேண்டியவைதான் முதலில் முக்கியம். டிசம்பரில் பாரிஸில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அப்போது யாராவது 'ழே ல கஃபார்' என்பார். 'கஃபார்' என்றால் கரப்பான்பூச்சி. துடைப்பத்தைத் தூக்காதீர்கள், அவருக்கு மனசு சரியில்லை, ஒரு காப்பி கொடுங்கள். அப்புறம் 'தொம்பே தான் லே பொம்'. ஆப்பிள்களுக்குள் விழுவது என்றால் மயங்கி விழுவது. பக்கத்து வீட்டம்மா இப்படி விழுந்துவிட்டார் என்று ஓடிவந்து சொன்னால், 15-க்கு ஃபோன் போடுங்கள். பிரான்ஸில் அவசர மருத்துவ உதவிக்கு அதுதான் எண்.

எஸ்.வி., திருவாரூர்: டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதப் போகிறேன். எத்தனை மரபுத்தொடர்கள் தெரிந்திருக்க வேண்டும்?

அப்படி ஒரு கணக்கே கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. கட்டுரையில் நாலு பழமொழியைத் திணித்து எழுதினால், மனப்பாடம் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். கேட்டல் பகுதிக்குத் தினமும் பிரெஞ்சு வானொலிச் செய்தி கேளுங்கள் தம்பி.

டி.ஆர்., மன்னார்குடி: நம் பேச்சு வழக்கை அப்படியே பிரெஞ்சில் மாற்றிச் சொன்னால் புரியுமா?

பெரும்பாலும் புரியாது. 'காதில் பூ சுற்றுகிறான்' என்று சொன்னால், காதைத்தான் பார்ப்பார்கள். அங்கே பொய்க்கதை அளப்பவன் 'சாலட் சொல்கிறான்'. ஆனால் எதிர்பாராத இடத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. நமக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் இல்லையா? அவர்களுக்குக் கடுகு மூக்கில் ஏறும்: 'லா முத்தார்த் ம மோந்த் ஓ நே'. தாளிக்கிற கடுகை நினைக்காதீர்கள். அவர்கள் கடுகை அரைத்து விழுதாக்கி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். திழோன் ஊர்க் கடுகு விழுதை ஒரு ஸ்பூன் வாயில் போட்டால் சுர்ரென்று நேரே மூக்குக்குத்தான் போகும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது 'ஃபிலே ஆ லாங்லேஸ்'. விருந்தில் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதை 'இங்கிலீஷ்காரன் மாதிரி நழுவுவது' என்பார்கள். அதே காரியத்தை இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சுக்காரன் தலையில் கட்டுகிறார்கள்! பங்காளிச் சண்டைதான், வேறென்ன.

என்.ஜே., காரைக்கால்: எங்கள் தாத்தா பிரெஞ்சு பள்ளியில் படித்தவர். எதற்கெடுத்தாலும் 'தான் பீ' என்பார், ஏதாவது பிடித்துவிட்டால் 'எபாத்தான்' என்பார். இதெல்லாம் இப்போது செல்லுமா?

1954 நவம்பர் 1 வரை நம் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, தாத்தா நேரடியாகப் படித்த பிரெஞ்சு அது. 'தான் பீ' இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. 'போனால் போகிறது' என்று அர்த்தம், தயங்காமல் சொல்லுங்கள். 'எபாத்தான்' பழசாகிவிட்டது. தாத்தா சொன்னால் அழகு, நீங்கள் சொன்னால் சிரிப்பார்கள். அதற்குப் பதில் இப்போது 'ழெனியால்' என்பார்கள், இல்லாவிட்டால் 'ஸூப்பேர்'. அது நம் சூப்பரேதான், தனியாகப் படிக்கவே வேண்டாம்.