படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் எத்தனை முறை கயிறு இழுத்தும் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

முதலில் சந்தேகப்பட வேண்டியது இக்னிஷனை. இக்னிஷன் என்பது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைத் தீப்பொறியால் பற்றவைக்கும் ஏற்பாடு. பழைய மோட்டார்கள் பலவற்றில் ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) உள்ள காந்தம் சுற்றி, காயிலில் (கம்பிச் சுருள்) மின்சாரத்தை உண்டாக்கும். 'பாயிண்ட்' எனப்படும் இரண்டு சின்ன உலோக முனைகள் சட்டென்று விலகும் நொடியில் பிளக்கில் பொறி பறக்கும்.

பல மாதம் சும்மா கிடந்தால் அந்த முனைகளில் மெல்லிய படலம் படியும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டார்ச் லைட்டில் புது பேட்டரி போட்டாலும், ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் எரியாதே, அதே கதை. ஃப்ளைவீலைக் கழற்றி, நைஸ் உப்புத்தாளால் முனைகளை லேசாகத் தேயுங்கள். அப்புறம் வெள்ளைத் தாளை இடையில் விட்டு, கருப்பு ஒட்டாமல் வரும்வரை இழுங்கள். பல மாடல்களில் முனைகள் முழுதாக விலகியிருக்கும்போது அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி சுமார் 0.5 மி.மீ.

பேட்டரி இறங்கியதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகை மோட்டாரில் பொறி வர பேட்டரியே தேவையில்லை.