எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரை எங்கே மிச்சம் பிடிப்பது?

ஹட்டன் தம்பிக்கு, குழாய் ஒழுகல், கழுவுதல், கழிவறை என்று நீங்கள் எழுதிக் கொடுத்த நீர்ச் சிக்கனத் திட்டத்தை விரிவுரையாளர் திருப்பி அனுப்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை, அதெல்லாம் சில்லறை.

எண்ணெய் சுத்திகரிப்பில் பெரும்பாலும் அதிகம் குடிப்பது, சூடான தண்ணீரைக் காற்றில் ஆற வைக்கும் கூலிங் டவர்தான். தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் மிஞ்சிச் செறிவாகும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் உள்பக்கத்தைப் பாருங்கள், விளங்கும் (நம்ம மலை ஊற்றுத் தண்ணீரில் அவ்வளவு தெரியாது). படிவதைத் தடுக்கக் கொஞ்சத்தை வெளியே விடுவார்கள். உப்பு, ஊற்றும் தண்ணீரில் இருப்பதைப் போல 3 மடங்கானதும் விட்டால், ஆவியாகும் 100 லீற்றருக்கு 150 லீற்றர் புதிதாக ஊற்ற வேண்டும். 6 மடங்கு வரை தாங்கினால் 120 போதும். அதற்கு மேல் போனால் லாபம் சுருங்கும், அரிப்பும் படிவும் கூடும், ஆகவே 10, 12 என்று ஆசைப்படாதீர்கள். குளோரைட், சிலிக்கா அளவைப் பார்த்துத்தான் எல்லை வைக்க வேண்டும்.

அப்புறம் டீசால்டர். கச்சா எண்ணெயின் உப்பைக் கழுவ, எண்ணெயின் அளவில் ஏறக்குறைய 5 சதவீதம் தண்ணீர் போகும். அதற்கு நல்ல தண்ணீர் எதற்கு? ஆலையிலேயே கழிவாக வரும் புளிப்பு நீர் (sour water), ஹைட்ரஜன் சல்பைடும் அமோனியாவும் நீக்கியபின், போதும், பல ஆலைகளில் அதுதான் நடைமுறை.

பொய்லருக்கு நீராவிக் கண்டென்சேட்டை (நீராவி குளிர்ந்து மீண்டும் தண்ணீரானது) திருப்பி எடுங்கள், தண்ணீரோடு எரிபொருளும் மிச்சம். சரி, முதலில் எங்கே எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று ஒரு நீர்க்கணக்குப் படம் வரைந்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.