கருங்கல்லில் ஓடும் வரி

கடிதம்:

வணக்கம். எங்கள் பக்கத்துக் கல்குவாரியில் உடைக்கும் கருங்கல்லில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடுகின்றன. ஆற்று மணல் படிந்து இறுகியதால் வந்தவைதானே? கண்டங்கள் மோதிய இடம் இது என்கிறார்களே, மகா ஓயா வெந்நீரூற்று அந்த மோதலின் மிச்சச் சூடா?
– ஒரு வாசகர், படுவான்கரை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அவை மணல் படிவுகள் அல்ல. புதிதாக உடைந்த முகத்தை நனைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். மணற்கல் என்றால் உருண்ட மணிகள் தெரியும். இதில் தாதுப் பளிங்குகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். வெள்ளை வரி குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும். கறுப்பு வரி மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும். நான்கும் தாதுக்கள். வெயில் மழை பட்ட பழைய முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரும்புக்கறை எல்லாவற்றையும் மூடிவிடும்.

இந்தக் கல் நைஸ், அதாவது சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி வரியோடிய பாறை. மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளியின் அடியில் கிடப்பது விஜயன் தொகுதி எனப்படும் பாறைக் கூட்டம். அதன் பெரும்பகுதி ஏறத்தாழ 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரானைட் போன்ற உருகிய பாறையாக உருவானது. மேற்கே மத்திய மலைநாட்டில் இருப்பது வேறொரு கண்டத் துண்டு, உயர்நிலத் தொகுதி. இரண்டுக்கும் இடையில் இருந்த கடலின் தரை பாரமானது, அதனால் கீழே சரிந்து மறைந்தது. கண்டப்பாறை இலேசு, அப்படி அமிழாது. ஆகவே கடல் தீர்ந்ததும் இரு துண்டுகளும் முட்டி, உயர்நிலத் தொகுதி விஜயன் தொகுதியின் மேல் ஏறியது. புத்தளயிலும் கதிர்காமத்திலும், விஜயன் பாறைக்கு நடுவில் உயர்நிலப் பாறைத் துண்டுகள் தனித்துக் கிடப்பது இதற்குப் பெரிய சாட்சி. அந்த நெருக்கலில்தான் உங்கள் கல்லின் தாதுக்கள் வரிகளாகப் பிரிந்தன.

மோதலின் காலம் சுமார் 61 முதல் 52 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது கூடியது கொண்டுவானா என்ற பெருங்கண்டம். பங்கேயா என்ற பெருங்கண்டம் அதற்கு வெகு பிந்தியது; இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வயதைச் சொல்வது பாறைக்குள் இருக்கும் சிர்க்கோன் என்ற தாதுவின் சிறு மணி. அதிலுள்ள யுரேனியம் மெல்ல ஈயமாக மாறும். மணியின் நடுப்பகுதி கிரானைட் பிறந்த வயதையும், பின்னர் வளர்ந்த வெளிவிளிம்பு மோதலின் வயதையும் காட்டும். முழு மணியையும் ஒன்றாகக் கரைத்து அளந்தால் எந்த நிகழ்வுக்கும் பொருந்தாத ஒரு நடு எண்தான் வரும். பழைய வயதுக் கணிப்புகளைப் படிக்கும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

மகா ஓயாவின் சூடு மோதலின் மிச்சம் அல்ல. அந்த மோதலின் சூடு எப்போதோ ஆறிவிட்டது. மழைநீர் வெடிப்புகளால் ஆழம் இறங்குகிறது. ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 25 பாகை வீதம் சூடேறி, மேலே வருகிறது. ஆனால் கிழக்கின் வெந்நீரூற்றுகள் பல அந்த இரு தொகுதிகளின் எல்லையை ஒட்டியே இருக்கின்றன.