வாசகர் கேள்வி – பதில்: கத்தி முனையளவு மார்மைட்

மார்மைட், வெஜிமைட் போன்ற, ரொட்டியில் தடவி உண்ணும் ஈஸ்ட் சாறுகளைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு, எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் சென்றிருந்தேன். அங்கே வெஜிமைட் என்னும் கறுப்புப் பசையை ஜாம் என்று எண்ணி ரொட்டியில் தாராளமாகப் பூசிவிட்டேன். ஒரு கடி கடித்ததும் துப்ப வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டு மூன்று வயதுக் குழந்தையோ அதையே கேட்டு வாங்கித் தின்கிறது. என் நாக்கில்தான் கோளாறா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: நாக்கில் கோளாறு எதுவும் இல்லை, அம்மா. அளவுதான் தவறிவிட்டது. மாங்காய் ஊறுகாயை முதன்முதலாகக் காணும் ஒருவர் அதைச் சோறு என்று எண்ணிக் கைநிறைய அள்ளி உண்டால் என்ன ஆகுமோ, அதுவே உங்களுக்கும் ஆகியிருக்கிறது. ஆஸ்திரேலியர் வீடுகளில் ரொட்டியை வாட்டி, சூடு ஆறுவதற்குள் வெண்ணெயைத் தாராளமாகத் தடவுவார்கள். அது உருகி ரொட்டிக்குள் இறங்கும்போது, கத்தி முனையில் ஒட்டுகிற அளவு மட்டுமே வெஜிமைட்டை எடுத்து இழுத்துவிடுவார்கள். வெண்ணெயின் மஞ்சளுக்கு நடுவே பழுப்புக் கீற்றுகள் ஆங்காங்கே தெரிய வேண்டுமே தவிர, ரொட்டி முழுவதும் கறுத்துவிடக் கூடாது. அப்படி உண்டால் உப்புக் கரிப்பு அடங்கி, நீண்ட நேரம் கொதித்த ரசத்தின் அடிவண்டலில் இருப்பது போன்ற ஓர் ஆழ்ந்த சுவை மேலே வரும். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா 1908ஆம் ஆண்டில் உமாமி என்று பெயரிட்டது இந்தச் சுவையைத்தான். குளூட்டமேட் என்னும் பொருளால் விளையும் அந்தச் சுவை, பழுத்த தக்காளியிலும் இருக்கிறது. ஈஸ்ட் சாற்றில் அது மிகச் செறிவாக இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு அது பால்குடி மறந்த நாள்முதல் பழகிய சுவை. நீங்கள் அதை முழு வளர்ச்சி பெற்ற நாக்குடன், இனிப்பை எதிர்பார்த்துக்கொண்டு சந்தித்தீர்கள். அடுத்த முறை செல்லும்போது மீண்டும் ஒருமுறை சுவைத்துப் பார்க்குமாறு உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பியர் வடிக்கும் ஆலையின் கழிவிலிருந்து மார்மைட் செய்யப்படுகிறது என்கிறார்களே, சைவ உணவுக்காரர்கள் அதை உண்ணலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பியர் நொதித்து முடிந்தபின் தொட்டியில் தங்கும் ஈஸ்ட்தான் இதன் மூலப்பொருள் என்பது உண்மையே. அந்த ஈஸ்டை உப்புடன் சேர்த்து மிதமாகச் சூடாக்கினால், அதன் செல்கள் தம்முள்ளேயே இருக்கும் நொதிகளால் தம்மைத் தாமே செரித்துக் கரைகின்றன. பிறகு மேல்தோலை வடிகட்டி நீக்கி, எஞ்சும் சாற்றைப் பாகு பதம் வரும்வரை சுண்டவைக்கிறார்கள். ஈஸ்டைச் செறிவாக்கி உண்ணலாம் என்று கண்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபொன் லீபிக். 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில், அங்கிருந்த பாஸ் மதுவடிப்பாலையின் ஈஸ்டைக் கொண்டு மார்மைட் நிறுவனம் தொடங்கப்பட்டது. விலங்கிலிருந்து பெறப்படும் பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் அதைப் போலவே கருநிறமாக, குண்டுச் சீசாவில் விற்கப்படும் போவ்ரில் மாட்டிறைச்சிச் சாறு. வெளிநாட்டுக் கடைகளில் இரண்டும் ஒரே தட்டில் அருகருகே இருப்பதால், சைவர்கள் பெயரைப் படித்தே எடுக்க வேண்டும்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்போது திருச்சியில் வாழ்கிறேன். சிறு வயதில் காய்ச்சல் என்றால் அம்மா சுடுநீரில் மாமைற் கரைத்து, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து தருவார். பாணில் (ரொட்டியில்) பூசியும் தின்போம். இங்கே எவருக்கும் அதன் பெயரே தெரியவில்லை. இலங்கைக்கு மட்டும் அது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? (திருச்சி வாசகி)

பதில்: உங்கள் கடிதம் கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் நான் படுத்துக்கிடந்த நாளை நினைவூட்டியது. அவருடைய தாயார் தேக்கரண்டியின் காம்பை மார்மைட் சீசாவுக்குள் விட்டு எடுத்தார். காம்பில் சுற்றிக்கொண்டு வந்த கறுப்பு நூல் அறாமல் நீண்டது. அதைச் சுடுநீர்க் கோப்பைக்குள் இறக்கிச் சுழற்றியதும், தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. வாய்க்கசப்பு மாறி எனக்குப் பசி எடுத்தது அந்தக் கோப்பைக்குப் பிறகுதான்.

இலங்கையில் அது நோயாளியின் உணவாக நிலைபெற்றதற்கு ஒரு துயரமான பின்புலம் உண்டு. 1934–35ஆம் ஆண்டுகளில் அந்தத் தீவைப் பெரும் மலேரியாக் கொள்ளைநோய் தாக்கியது. காய்ச்சலோடு பட்டினியும் சேர்ந்து மக்களை வாட்டிய அந்நாளில், நிவாரணப் பணியில் இறங்கிய, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தினர் சத்துக் குறைவால் மெலிந்தவர்களுக்கு மார்மைட் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் அதன் பெயர் தெரியாமற்போனது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் மார்மைட்டின் வரலாற்றில் மிகப் பெரிய பக்கம் நம் நாட்டில்தான் எழுதப்பட்டது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். அங்கே நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியால் வருவதன்று, உணவுக் குறையால் வருவது என்று ஐயுற்ற அவர், அப்பெண்கள் உண்டதைப் போன்ற உணவையே குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றுக்கும் இரத்தசோகை வந்தது. விலை மலிந்த மார்மைட்டைக் கொடுத்ததும் குரங்கு தேறியது. பிறகு பெண்களும் தேறினார்கள். இம்முடிவுகளை அவர் 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். இடையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா மருத்துவமனையிலும் அவர் பணிபுரிந்திருக்கிறார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் அதே மருத்துவமனைதான் அது. மார்மைட்டில் இருந்த குணப்படுத்தும் பொருள் இன்னதென்று தெரியாததால், பல ஆண்டுகள் அதை வில்ஸ் காரணி என்றே அழைத்தார்கள். 1941ஆம் ஆண்டில் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையைக் காணும்போதெல்லாம், உங்கள் அம்மா கரைத்துத் தந்த அந்தக் கோப்பைக்கு அது நெருங்கிய உறவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை உண்ணலாமா? (மதுரை வாசகர்)

பதில்: நூறு கிராம் மார்மைட்டில் ஏறத்தாழ 10 கிராம் உப்பு இருக்கிறது. கத்தி முனையளவு பெரிய தீங்கு செய்யாது என்றாலும், மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவரைக் கேட்டே உண்ணுங்கள். மன நோய்க்காக மோனோ அமீன் ஆக்சிடேஸ் தடுப்பான் வகை மாத்திரை உட்கொள்பவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். இதிலுள்ள டைரமின் இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். மார்மைட்டில் வைட்டமின் பி12 சேர்க்கப்படுவதால் சைவர்களுக்குப் பயன் உண்டு.

கேள்வி: மார்மைட், வெஜிமைட் இரண்டில் எது உயர்ந்தது? (சிட்னி வாசகர்)

பதில்: மார்மைட் நூலாக இழுபடும், வெஜிமைட் இறுகிய புளிக்காய்ச்சலைப் போல நிற்கும், கசப்பும் சற்றுக் கூடுதல். நான் மார்மைட் பக்கம். ஆயினும், முதல் உலகப் போரால் மார்மைட் வரத்துத் தடைப்பட்டபின், மெல்பர்னில் சிரில் காலிஸ்டர் என்ற வேதியியலாளர் உழைத்து உருவாக்கி, 1923ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வெஜிமைட்டை ஒரு நகல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நியூசிலாந்திலும் மார்மைட் என்ற பெயரில் ஒன்று உண்டு, சுவை வேறு. கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தால் சேதமடைந்த ஆலை மூடப்பட்டு, 2012ஆம் ஆண்டில் கடைகளில் அது தீர்ந்துபோனபோது அந்நாட்டினர் தவித்துப்போனார்கள். மறு ஆண்டு அது திரும்பிவரும்வரை வேறொன்றை அவர்கள் மனம் ஏற்கவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ச் சீனர் கடைகளில் மார்மைட் கோழி புகழ்பெற்றது. வீட்டிலோ கஞ்சியில் சேர்க்கிறோம். சில நாள் கசக்கிறது, ஏன்? (மலேசியா, கிள்ளான் வாசகி)

பதில்: கோழியில் தேனின் இனிப்பு சேர்வதால் கசப்பு தெரிவதில்லை. கஞ்சிக்கு அந்தத் துணை கிடையாது என்பதால் அளவு சிறிது மிஞ்சினாலும் கசக்கும். கஞ்சியை உப்பில்லாமல் குழைய வேகவைத்து, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு கால் தேக்கரண்டி மார்மைட்டை மேலே விட்டு, ஓரத்திலிருந்து கலந்துகொண்டே உண்ணுங்கள். பொரித்த சின்ன வெங்காயமும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் இருந்தால் வேறு தொடுகறி வேண்டியதில்லை.