சங்க உறுப்பினர்கள் செயலவைக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, சிங்கப்பூர்த் தேக்கா காப்பிக்கடையில் போய்க் குறை சொல்கிறார்களே, என்ன செய்வது?

உங்கள் சங்கத்தில் தலைவர்தான் முதலில் பேசுகிறார் போலிருக்கிறது. கோளாறே அங்கேதான். "தீபாவளி நிகழ்ச்சிக்கு 400 பேருக்குச் சாப்பாடு சொல்லிடலாம்" என்று அவர் தொடங்கிவிட்டால், "பாதி போதும் அண்ணே" என்று நேற்று சேர்ந்த தம்பி சொல்வாரா?

விவாதத்துக்கு முன் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்ற எண்ணை மட்டும் எழுதி, பெயர் போடாமல் மடித்துத் தரட்டும். செயலாளர் பலகையில் எழுதுகிறார்: 400, 380, 220, 180, 400. தலைக்கு 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 180க்கும் 400க்கும் நடுவே 2,640 வெள்ளி நிற்கிறது. அந்தப் பணத்தைப் பற்றிப் பேசுவது, தலைவரை மறுத்துப் பேசுவதைவிட எல்லாருக்கும் சுலபம். பேசும்போதும் புதியவர் முதலில், தலைவர் கடைசியில்.

சீட்டெல்லாம் பள்ளிக்கூட விளையாட்டு என்று சிலர் கிளம்புவார்கள். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த கோட்டின் நீளத்தையே பலர் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவரின் வேலையைத்தான் சீட்டு செய்கிறது.

கணக்குக்குச் சீட்டு உதவாது. வரவு செலவுத் தாள் கூட்டத்தன்றுதான் மேசைக்கு வருகிறது என்றால், எந்தக் கேள்வியும் பொருளாளர் காதில் குற்றச்சாட்டாகவே விழும். ஏழு நாள் முன்பே அனுப்பி, கேள்விகளை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ரசீதைத் தேட அவருக்கும் நேரம் கிடைக்கும். யாருடைய மைத்துனராவது கேட்டரிங் நடத்தினால், விலை பேசுமுன் அதைச் சொல்லிவிட்டு அந்த உறுப்பினர் வெளியே போய்விட வேண்டும்.

அப்புறம் இந்தக் கூட்டக் குறிப்பு. இரண்டு மணி நேரம் தமிழில் மல்லுக்கட்டிவிட்டு, குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. அதிலும் "சிலர் கருத்துத் தெரிவித்தனர்" என்று ஒரு வழுக்கல் வரி! அதையும் அடுத்த கூட்டத்துக்கு முந்தின ராத்திரி அனுப்புவார்கள். முடிவு ஒரு வரி, மறுப்பும் காரணமும் ஒரு வரி, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். இவ்வளவுதான், இரண்டு நாளில் அனுப்பிவிடலாம். மறுத்தவர் பெயரைப் போடலாமா என்று மட்டும் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.